பண்டிகைன்னா டிரஸ் மட்டும்தானா? – டீச்சரம்மா பதில்கள்

இந்த தடவ வந்த லெட்டர் எல்லாம் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே சங்கதி. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இருக்கற பசங்களுக்கு பண்டிகை, சம்பிரதாயம், பழக்கவழக்கம் இதெல்லாம் ஸ்கூல்ல எப்படி சொல்லிக்குடுக்கறது, சொல்லிக்குடுக்கணுமா வேணாமா, எதுவரைக்கும் போகலாம், அப்படின்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேர் ஊர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, யாரோடதும் போடல.

கேள்வி: எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் கல்ச்சுரல் டே வரும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு நாடு, இல்லன்னா ஒரு மாநிலம். டிரஸ் வாடகைக்கு எடுத்து, மேடையில ஏத்தி, டான்ஸ் ஆட வெச்சு, போட்டோ எடுத்து குரூப்ல போட்டு முடிச்சிடுவோம். மறுநாள் கேட்டா பசங்களுக்கு அந்த நாட்டுப் பேர் கூட ஞாபகம் இல்ல. இதெல்லாம் வேஸ்ட்டா மேடம்? (ரெண்டாங்கிளாஸ் டீச்சர்)

வேஸ்ட்னு சொல்ல மாட்டேன்மா. பசங்களுக்கு டிரஸ் போட்டு மேடை ஏறறது ஒரு குஷி, அத ஏன் கெடுக்கணும். ஆனா நீங்களே சொல்லிட்டீங்களே, பேர் கூட ஞாபகம் இல்லன்னு. பண்டிகைங்கறது மனுஷங்க ஏதோ ஒரு காரணத்துக்காக, ஏதோ ஒரு நாள்ல, ஒண்ணா கூடி ஏதோ ஒண்ணு செய்யறது. இதுல யாரு, ஏன், எப்போ, என்ன செய்வாங்க எல்லாத்தையும் விட்டுட்டு என்ன போட்டுக்கறாங்கங்கறத மட்டும் எடுத்தா குழந்தை மனசுல என்ன நிக்கும்? சைனாக்காரங்கன்னா சிவப்பு டிரஸ், ஆப்பிரிக்கான்னா மேளம், அவ்ளோதான் நிக்கும். ஆப்பிரிக்காவுல அம்பது நாட்டுக்கு மேல இருக்குங்கறது அந்த மேளத்துலயே அமுங்கிப் போயிடும்.

சிங்கப்பூர்ல ஜூலை 21ஆம் தேதி பசங்க எல்லாம் விதவிதமா பாரம்பரிய டிரஸ் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போவாங்க, இன நல்லிணக்க நாள்னு பேரு, 1997ல இருந்து நடக்குது. பார்க்க உங்க கல்ச்சுரல் டே மாதிரியேதான் இருக்கும். ஆனா ஏன் அந்த தேதின்னா, 1964ல அதே நாள்ல அங்க பெரிய இனக்கலவரம் ஆரம்பிச்சுது, அத மறக்கக்கூடாதுன்னு வெச்ச நாள். டிரஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, அத பசங்களுக்கு சொல்லவும் செய்யறாங்க. உங்க ஸ்கூல்ல போடற டிரஸ்ஸுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பசங்கள கேட்டா என்ன சொல்வாங்க, யோசிச்சுப் பாருங்க.

என் யோசனை, பத்து நாட்ட தொடறத விட்டுட்டு ஒரே ஒரு பண்டிகைய எடுத்து ரெண்டு வாரம் அதுலயே இருங்க. உதாரணத்துக்கு மெக்சிகோவுல நவம்பர் 1, 2 தேதியில வர்ற இறந்தவங்க நாள். இறந்துபோன தாத்தா பாட்டி அன்னிக்கு வீட்டுக்கு வந்துட்டுப் போவாங்கன்னு ஒரு நம்பிக்கை, அதனால அவங்க போட்டோவ வெச்சு, மெழுகுவர்த்தி ஏத்தி, அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் வெச்சு, செண்டுமல்லிப் பூவால வழி போட்டு கூப்பிடுவாங்க. இந்த செண்டுமல்லியோட பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான், அங்க இருந்துதான் உலகம் பூரா பரவுச்சுன்னு சொல்லிப் பாருங்க, பசங்க கண்ணு விரியும். கிளாஸ் மூலையில ஒரு மேஜை போட்டு, இந்தப் பண்டிகையில ஏன் யாரும் பேய்க்கு பயப்படல, ஏன் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, உங்க வீட்ல இறந்துபோனவங்கள எப்படி நினைச்சுக்குவீங்கன்னு பேச விட்டா போதும். அதுக்கப்புறம் மேடையில ஏத்துங்க, அந்தக் குழந்தைக்கு தான் என்ன ஆடறோம்னு தெரியும். ஒண்ணு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, சமீபத்துல வீட்ல துக்கம் நடந்த குழந்தை யாராவது கிளாஸ்ல இருந்தா அந்த வீட்ல ஒரு வார்த்த பேசிட்டு ஆரம்பிங்க, இல்ல வேற பண்டிகைய எடுங்க.

அப்புறம் டிரஸ் விஷயத்துல இன்னொண்ணு. எல்லா உடுப்பும் ஃபேன்சி டிரஸ் கிடையாது. வட அமெரிக்கா சமவெளிப் பழங்குடி மக்கள்கிட்ட கழுகு இறகு வெச்ச பெரிய தலைக்கவசம் இருக்கு, அத கண்டவங்க போட முடியாது, சமூகத்துல மரியாதை சம்பாதிச்ச ஆளுங்கதான் போடலாம். அத அட்டையில வெட்டி, கலர் அடிச்சு, ஊளையிட்டுக்கிட்டு ஓடறது நல்லாவா இருக்கு? அந்த மக்கள் இன்னிக்கும் இருக்காங்க, ஜீன்ஸ் போட்டு வேலைக்குப் போறாங்க, அவங்க பசங்களும் உங்க பசங்க மாதிரி ஹோம்வொர்க் எழுதாம திட்டு வாங்குதுங்க. இத சொல்றது டான்ஸ விட முக்கியம்.

கேள்வி: ரெண்டாவது படிக்கற என் பொண்ணு, "கிறிஸ்துமஸ் மட்டும் எப்பவும் 25ஆம் தேதி வருது, ரம்ஜான் ஏன் ஒவ்வொரு வருஷமும் மாறுது, தீபாவளி ஏன் ஆடி ஆடி வருது"ன்னு கேக்கறா. எனக்கே தெரியல. டீச்சரும் "அது அப்படித்தான்"னு சொல்லிட்டாங்களாம். (ஒரு அப்பா)

சார், உங்க பொண்ணுக்கு என் சார்பா ஒரு சாக்லேட் குடுங்க. பண்டிகை பத்தி ஒரு சின்னக் குழந்தை கேக்கக்கூடிய கேள்வியிலயே இதுதான் பிரமாதமான கேள்வி, ஏன்னா இதுக்கு யாரோட நம்பிக்கையையும் தொடாம பதில் சொல்லலாம், கூடவே கணக்கு, அறிவியல் எல்லாம் வந்துடும். "அது அப்படித்தான்" எல்லாம் ஒரு பதிலா!

விஷயம் இதுதான். சூரியன வெச்சு நாள் எண்றவங்க சில பேர், நிலாவ வெச்சு எண்றவங்க சில பேர், ரெண்டையும் சேத்து இழுத்துக் கட்டறவங்க சில பேர். ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு சுமாரா இருபத்தொம்பதரை நாள். 12 மாசத்துக்கு பெருக்கினா 354. சூரிய வருஷம் 365. கழிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, 11 வரும். இஸ்லாமிய காலண்டர் முழுக்க நிலாவ மட்டும் நம்பறது, இந்த 11 நாள அது சரிக்கட்டறதே இல்ல, அதனால நோன்பு மாசம் வருஷத்துக்கு பத்து பதினோரு நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகும், கோடை, மழை, குளிர்னு எல்லா காலத்தையும் சுத்திட்டு சுமார் 33 வருஷத்துல ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும். 2030ல பாருங்க, ஜனவரியில ஒரு தடவ, டிசம்பர் கடைசியில இன்னொரு தடவன்னு ஒரே வருஷத்துல ரெண்டு தடவ நோன்பு ஆரம்பிக்கும். உங்க பொண்ணு அப்போ பெரிய கிளாஸ்ல இருப்பா, இப்பவே சொல்லி வைங்க.

தீபாவளி அமாவாசைய ஒட்டி வர்றது, அதுவும் நிலாக் கணக்குதான், ஆனா அது ஏன் மார்ச், ஏப்ரலுக்கெல்லாம் ஓடிப் போகலன்னா, அந்தக் காலண்டர்ல ரெண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு மாசத்த கூடுதலா போட்டுடுவாங்க, அதிக மாசம்னு சொல்வாங்க. வருஷத்துக்கு 11 நாள்னா மூணு வருஷத்துக்கு எத்தன, 33, கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆச்சா, அதான் கணக்கு. அதனால அக்டோபர் நடுவுல இருந்து நவம்பர் நடுவுக்குள்ளயே ஊசலாடும். சீனாக்காரங்க புது வருஷமும் இதே டெக்னிக்தான், ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவுல எப்போ வேணா வரும். யூதர்கள் காலண்டர்ல 19 வருஷத்துக்கு 7 தடவ ஒரு மாசம் எக்ஸ்ட்ரா.

பொங்கல் சூரியன் மகர ராசிக்குள்ள நுழையற நாள், அதான் ஜனவரி 14 இல்ல 15னு ஒரே இடத்துல உக்காந்திருக்கு. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா பக்கமெல்லாம் கொண்டாடற நவ்ரோஸ் புது வருஷமும் சூரியன்தான், பகலும் ராத்திரியும் சமமா வர்ற மார்ச் 20 வாக்குல. ஈஸ்டர்தான் செம கலாட்டா, மார்ச் 21லயோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு சூரியன், நிலா, கிழமை மூணையும் ஒண்ணா போட்டு குலுக்கினது. அதனால மார்ச் 22ல இருந்து ஏப்ரல் 25 வரைக்கும் எங்க வேணாலும் விழும். கிறிஸ்துமஸ் "எப்பவும் 25"ன்னு பொண்ணு சொன்னாளே, அதுவும் முழுசா சரியில்ல, எத்தியோப்பியாவுலயும் ரஷ்யாவுலயும் ஜனவரி 7ஆம் தேதிதான் கிறிஸ்துமஸ், அவங்க சர்ச் பழைய காலண்டர விடல. ஆஸ்திரேலியாவுல கிறிஸ்துமஸ் நல்ல வெயில் காலம்னு சொல்லுங்க, பனி இல்லாம எப்படி சான்டா வருவாருன்னு அடுத்த கேள்வி வரும், சமாளிச்சுக்கோங்க.

இத வாயால சொல்றதோட விட்டுடாதீங்க. ஒரு நோட்டு எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஆறு வட்டம் வரைஞ்சு, அமாவாசைக்கு ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிங்க. சாயந்திரம் சூரியன் மறைஞ்சதும் மேற்கு பக்கம் தாழ நகம் வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிசா ஒரு கீத்து தெரியும், அத வட்டத்துக்குள்ள வரையட்டும், கீழ தேதி, மணி. மறுநாள் அதே மணிக்கு பார்த்தா கொஞ்சம் மேல ஏறியிருக்கும், கொஞ்சம் தடிச்சிருக்கும். மேகமா இருந்தா "மேகம், தெரியல"ன்னு எழுதட்டும், தெரியாததையும் எழுதறதுதான் நல்ல பழக்கம், நோட்டு அழகா இருக்கணும்னு நீங்க ரொப்பிடாதீங்க. பதிமூணு பதினாலாவது வட்டத்துல முழு நிலா, அன்னிக்கு இங்க சூரியன் மறையற நேரத்துக்கு அந்தப் பக்கம் நிலா உதிக்கும், மொட்டை மாடியில நின்னா ரெண்டையும் பார்த்துடலாம். அதுக்கப்புறம் தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் லேட்டாயிட்டே போகும், குழந்தை தூங்கிடும், அப்போ விட்டுடுங்க, காலையில ஸ்கூலுக்கு கிளம்பறப்ப பகல் வானத்துலயே தேய்ஞ்ச நிலா நிக்கும், அத வரையலாம். இந்த நோட்டு கையில இருக்கற குழந்தைக்கு, நாளைக்கு பெருநாளா இல்லையான்னு மொத நாள் சாயந்திரம் வரைக்கும் ஏன் எல்லாரும் வானத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்கன்னு யாரும் சொல்லித் தர வேணாம், அதுவே புரிஞ்சுக்கும்.

நட்சத்திரத்த வெச்சு வர்ற பண்டிகை கூட உண்டு. நியூசிலாந்துல மாவோரி மக்களோட புது வருஷம், மட்டாரிக்கின்னு பேரு, நம்ம கார்த்திகைன்னு சொல்ற அதே நட்சத்திரக் கூட்டம் அங்க குளிர்காலத்துல விடியற்காலையில திரும்ப கண்ணுக்குத் தெரியறதுதான் அடையாளம். 2022ல இருந்து அதுக்கு நாடு முழுக்க அரசு லீவு.

கேள்வி: மத்த மதத்துப் பண்டிகைய ஸ்கூல்ல கொண்டாடறப்ப என் பையன கும்பிட வைப்பாங்களோ, பாட்டுப் பாட வைப்பாங்களோன்னு பயமா இருக்கு. இத சொன்னா என்ன மதவெறின்னு நினைக்கறாங்க. (மூணாங்கிளாஸ் பையனோட அம்மா)

நீங்க மதவெறியும் இல்ல ஒண்ணும் இல்ல, நியாயமான கேள்விதான். தெரிஞ்சுக்கறது வேற, செஞ்சு பார்க்கறது வேற, வழிபடறது வேற. ஒரு பண்டிகையோட கதைய கேக்கறது, படம் பார்க்கறது, அதக் கொண்டாடற ஒருத்தர் வந்து பேசினா கேள்வி கேக்கறது, இதெல்லாம் முதல் ரகம், இதுல யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. காகிதத்துல விளக்கு செய்யறது, கோலம் போடறது, கோதுமைய முளைக்கட்டி வளக்கறது, நவ்ரோஸுக்கு அப்படி வளப்பாங்க, இது ரெண்டாவது. கை எடுத்துக் கும்பிடச் சொல்றது, பிரார்த்தனைய ஒப்பிக்க வைக்கறது மூணாவது, அது வீட்டோட விஷயம், ஸ்கூல் அத ஒரு குழந்தைக்கு கட்டாயம் ஆக்கக்கூடாது. ஐநா சபை 1989ல கொண்டுவந்த குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துலயே 14ஆவது பிரிவு குழந்தையோட மத சுதந்திரத்தையும், அதுல வழிகாட்டற பெத்தவங்க உரிமையையும் சேத்து சொல்லுது. அதே ஒப்பந்தத்துல 29ஆவது பிரிவு, குழந்தைக்கு தன்னோட அடையாளம், மொழி மேலயும் மரியாதை வரணும், மத்தவங்க நாகரிகத்து மேலயும் மரியாதை வரணும், படிப்பு அதுக்குதான்னு சொல்லுது. ரெண்டையும் சேத்துப் படிக்கணும்.

அதனால ஸ்கூல்ல போய் "வேணாம்"னு ஆரம்பிக்காதீங்க, "என்ன செய்யப் போறீங்கன்னு முன்னாடியே ஒரு பேப்பர்ல குடுங்க"ன்னு கேளுங்க. டீச்சர்களுக்கும் சொல்றேன், யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவு மாதிரி பொறந்தநாள் கூட கொண்டாடாத குடும்பங்கள் இருக்கு, எந்த நம்பிக்கையும் இல்லாத வீடும் இருக்கு. அந்தக் குழந்தைய தனியா வெளிய பெஞ்சுல உக்கார வெக்கறது தண்டனை மாதிரி ஆயிடும். கிளாஸுக்குள்ளயே அதுக்கு ஒரு வேலை குடுங்க, போட்டோ எடுக்கட்டும், பேப்பர் வெட்டிக் குடுக்கட்டும்.

கேள்வி: என் கிளாஸ்ல ஒரே ஒரு பையன்தான் அந்த மதம். பண்டிகை வந்தப்ப அவனையே பேசச் சொன்னேன், வாயே திறக்கல. வெக்கமா, இல்ல வீட்ல ஏதாவது பிரச்சனையா? (டீச்சர்)

ரெண்டும் இருக்காது. எட்டு வயசுப் பையன எழுப்பி நிக்க வெச்சு, முப்பது பேரு திரும்பிப் பார்க்க, "நீ சொல்லுப்பா உங்க ஆளுங்க என்ன செய்வீங்க"ன்னா அவன் என்னன்னு சொல்லுவான்? அவனுக்குத் தெரிஞ்சது அவன் வீடு மட்டும்தான், அவன் மதம் முழுசும் இல்ல. அதுவும் இல்லாம அந்த வயசுல பசங்களுக்கு எல்லார மாதிரியும் இருக்கணும், அதான் ஒரே ஆசை. தனியா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுது.

கேள்விய மாத்திப் போடுங்க, எல்லாருக்கும் ஒரே கேள்வி. "உங்க வீட்ல பண்டிகை அன்னிக்கு முதல்ல எந்திரிக்கறது யாரு? கடைசியா சாப்பிடறது யாரு? யாரு வந்தா சந்தோஷம்? எந்த வேலை உனக்குப் பிடிக்காது?" இதுல மதமே வரல பாருங்க, ஆனா எல்லா வீடும் வந்துடும். ஒரே பண்டிகைய ஒரே தெருவுல ரெண்டு வீடு ரெண்டு விதமா செய்யறது அப்போதான் வெளிய வரும். (கடைசியா சாப்பிடறது யாருன்னா எல்லாரும் "அம்மா"ன்னுதான் சொல்வாங்க, அது வேற கதை, அதுக்கே ஒரு பீரியட் ஒதுக்கலாம்.) அந்தப் பையனும் தானா பேசுவான். பேசலன்னாலும் விட்டுடுங்க. அவன் வீட்ல அம்மாவோ சித்தப்பாவோ வந்து பேச ஆசைப்பட்டா கூப்பிடுங்க, ஆனா அவன்கிட்டயும் "வரச் சொல்லட்டுமா"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு.

கேள்வி: "இந்தக் கதை நிஜமா நடந்துச்சா மிஸ்?"னு பசங்க கேட்டா என்ன சொல்றது?

"இத நம்பறவங்க இப்படி சொல்வாங்க." இந்த ஒரு வாக்கியம் போதும், எல்லா மதக் கதைக்கும் இதையே சொல்லணும், உங்க மதக் கதைக்கும் சேத்து. நம்மளோடது வரலாறு, அடுத்தவங்களோடது கதைன்னு டோன் மாறிச்சுன்னா பசங்க உடனே கண்டுபிடிச்சிடும்.

கேள்வி: எங்க காலத்துல இருந்த சம்பிரதாயம் ஒண்ணு கூட இப்போ இல்ல. எல்லாத்தையும் மாத்திட்டாங்க. பேரப் பிள்ளைகளுக்கு ஒரிஜினல் எதுன்னு எப்படி சொல்றது? (ஒரு தாத்தா)

ஐயா, கோச்சுக்காதீங்க, ஒரிஜினல்னு ஒண்ண தேடிப் போனா கையில சிக்காது. கிறிஸ்துமஸ் மரம்னா ஆதிகாலத்துல இருந்து எல்லா நாட்டுலயும் இருக்குன்னு நினைக்கறோம். அது ஜெர்மன்காரங்க பழக்கம், விக்டோரியா மகாராணி குடும்பத்தோட மரத்தைச் சுத்தி நிக்கற படம் 1848ல லண்டன் பத்திரிகையில வந்த பிறகுதான் இங்கிலாந்து வீடுகள்ல பெருசா பரவுச்சு. அமெரிக்காவுல கருப்பின மக்கள் டிசம்பர் 26ல இருந்து ஜனவரி 1 வரைக்கும் ஏழு மெழுகுவர்த்தி ஏத்தி கொண்டாடற குவான்சா ஆரம்பிச்சதே 1966லதான், அத ஆரம்பிச்ச காலத்து ஆளுங்க இன்னிக்கும் இருக்காங்க, ஆனா இப்போ பொறக்கற குழந்தைக்கு அது தாத்தா காலத்துப் பண்டிகை. யுனெஸ்கோ பாரம்பரியத்தக் காப்பாத்தணும்னு 2003ல போட்ட ஒப்பந்தத்துலயே, இதெல்லாம் மக்கள் திரும்பத் திரும்ப புதுசா உருவாக்கிக்கறதுன்னுதான் எழுதியிருக்காங்க.

அதுக்காக நீங்க பார்த்தது முக்கியம் இல்லன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப முக்கியம், ஏன்னா அது எந்த புக்லயும் இல்ல. பேரன உக்கார வெச்சு "எங்க காலத்துல"ன்னு நீங்க ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல போன எடுத்துடுவான், அனுபவம் இருக்கும் உங்களுக்கு. அவன கேக்க விடுங்க. போன்லயே ரெக்கார்டிங் போட்டு பேட்டி எடுக்கச் சொல்லுங்க, அவனுக்கு அது பெருமை. புது டிரஸ் யாரு தைச்சாங்க, கரன்ட் இல்லாம ராத்திரி எப்படி இருந்துச்சு, பண்டிகை அன்னிக்கு அடி வாங்கியிருக்கீங்களா, இப்படி அவனே கேப்பான். எது நின்னு போச்சு, ஏன் நின்னுச்சுன்னும் சொல்லுங்க, ஆளு இல்லாம நின்னுச்சா, காசு இல்லாமயா, இல்ல அது தப்புன்னு புரிஞ்சு நிறுத்தினாங்களா. சில பேர உள்ள விடாம ஒதுக்கி வெச்ச சம்பிரதாயமும் இருந்துச்சுல்ல, அதையும் மறைக்காம சொல்லுங்க, அஞ்சாங்கிளாஸ் பையனுக்கு அநியாயம்னா என்னன்னு நல்லாவே தெரியும்.

கேள்வி: சிலபஸ் முடிக்கவே நேரம் இல்ல, இதுக்கெல்லாம் எங்க போறது? (நாலாங்கிளாஸ் டீச்சர்)

தனி பீரியட் வேணாம். கிளாஸ் சுவத்துல பெரிய மாசக் காலண்டர் ஒண்ணு மாட்டுங்க, பசங்களே அவங்கவங்க வீட்டு விசேஷத்த அதுல எழுதட்டும், காலையில அட்டெண்டன்ஸ் எடுத்ததும் ரெண்டு நிமிஷம் அன்னிக்கு என்ன இருக்குன்னு பார்த்தா போதும். 354ஐ 365ல இருந்து கழிக்கறது உங்க கணக்குப் பாடத்துலயே வந்துடும், நிலா அறிவியல்ல வந்துடும், தாத்தா பேட்டி மொழிப்பாடத்துல கட்டுரை. ஒரு குழந்தை கூட எதுவும் எழுதாத மாசம் வந்தா அந்த மாசம் நீங்க வெளிய இருந்து ஒரு பண்டிகைய கொண்டு வாங்க. ஜூன், ஜூலைக்கு மட்டாரிக்கி இருக்கவே இருக்கு.